அரைக் கட்டை கீழே

கீபோர்டு அண்ணன் தானாக ஒரு பேச்சைத் தொடங்கி நான் கேட்டதில்லை. வந்து நிற்பார். நாம் "வாங்கண்ணே" என்றால் "வந்துட்டேன் தங்கச்சி" என்பார். நாம் வாயைத் திறக்காவிட்டால் அவரும் திறக்க மாட்டார். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே என்னுடைய ஜெராக்ஸ் கடை. ஒரு நாள் வக்கீல் குமாஸ்தாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரம், நான் தலை நிமிரவே இல்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், மனுஷன் மிஷினுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நிற்கிறார்.

"எப்பண்ணே வந்தீக?"

"நீ கேக்கட்டும்னுதேன் இருந்தேன்."

சொல்ல வந்த விஷயம், அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒத்திகை இல்லை என்பது. அதற்குள் சாயங்காலமே ஆகிவிட்டது. இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் வீட்டுக்காரம்மாவிடம், "மதினி, அண்ணனைப் பத்தி எழுதப்போறேன்" என்று சொன்னதும், "எழுது, ஆனா பேரப் போட்றாத. அவுக கூச்சப்படுவாக" என்றார். ஆள் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. இன்னமும் கூச்சப்படுவார் என்றுதான் மதினிக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால் பேர் வேண்டாம். கம்பத்திலிருந்து சின்னமனூர் வரைக்கும் கீபோர்டு அண்ணன் என்றால் அவர் ஒருத்தர்தான்.

கம்பத்தில் வீடு. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி மாநாடு எதுவானாலும் எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர்தான் கீபோர்டு. நான் முன்னால் நின்று பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் வாசிப்பார். இது போக, கச்சேரி இல்லாத சாயங்காலங்களில் பஸ் பிடித்து மலையேறிக் குமுளிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு பெரிய ஹோட்டல். யானை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்கிச் சாப்பிடுகிற இடம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நிஜப் பியானோ உண்டு. கொச்சியிலிருந்து வந்த பாட்டுக்காரி ஒருத்தி இங்கிலீஷில் பாடுவாள், இவர் அவளுக்கு ஜாஸ் வாசிப்பார்.

ஜாஸ் என்றால் என்னண்ணே என்று ஒரு தடவை கேட்டேன்.

"வீட்டுக்குத்தேன் போறோம். தெனமும் ஒரே சந்து வழியாவா போகணும்?" என்றார்.

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சினிமாப் பாட்டு வாசிக்கும்போதுகூட நடுவே ஏதாவது ஒரு இடத்தில், பழகிய ஸ்வரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்து அமுக்குவார். கம்மங்கூழுக்கு மாங்காயைக் கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியாது. எனக்கு மட்டும் கழுத்துக்குப் பின்னால் புல்லரிக்கும். அடுத்த வரியை ஒரு தினுசாகப் பாடிவிடுவேன்.

இத்தனை தெரிந்தவர், தனியாக மட்டும் வாசிக்க மாட்டார். எதிரே ஒரு தொண்டை வேண்டும். தொண்டை இருந்தால் அவர் ராஜா. இல்லாவிட்டால் கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு வயர் சுற்றப் போய்விடுவார். ஒத்திகையில் பாடுகிறவர்கள் வரத் தாமதமானால் மற்ற வாத்தியக்காரர்கள் சும்மாவாவது விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒக்காந்துதேன இருக்கீக, ஒரு பாட்ட எடுத்து விடலாம்லண்ணே?"

"யாருக்கு?" என்பார். கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்பார்.

மார்க்கையன்கோட்டைத் திருவிழாவில் ஒரு கூத்து நடந்தது. பாடுகிறவர்கள் நாங்கள் ஒரு வேனில், வாத்தியக்காரர்கள் ஒரு வேனில். எங்கள் வேனுக்கு முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று சாய்ந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. அங்கே மேடை போட்டாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, ஜனம் உட்கார்ந்து கத்துகிறது. கமிட்டித் தலைவர் இவரிடம் வந்து, "பாட்டுக்காரக வாரவரைக்கும் நீங்களே ஒரு பாட்ட அந்தப் பொட்டியில வாசிங்க" என்றிருக்கிறார். இவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. கட்டைகளின் மேல் கையை வைத்தாராம். வைத்தவர் வைத்தபடியே இருந்தாராம். வேர்த்து ஊற்றிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதாம். கடைசியில் தலைவரைப் பார்த்து, "நீங்க ஒரு சாமி பாட்டு பாடுங்களேன்" என்றாராம்.

தலைவருக்கு அதுவரை பாட்டு என்று ஒன்று வந்ததில்லை. மைக்கைப் பிடித்தார், பிடித்துவிட்டு எங்கேயோ தொடங்கினார். முதல் வரி ஒரு சுருதி, இரண்டாம் வரி வேறு சுருதி, தாளம் அந்தப் பக்கமே வரவில்லை. நாங்கள் போய் இறங்கும்போது பார்க்கிறேன், ஜனம் கை தட்டிக்கொண்டிருக்கிறது! அந்த ஆள் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் இவர் முன்னாலேயே போய் அங்கே பாய் விரித்து வைத்திருந்தார். தலைவர் சுருதி மாறியதும் இவரும் மாறி, அது ஏதோ வேண்டுமென்றே செய்த சங்கதி என்று எல்லோரும் நினைக்கும்படி வாசித்திருக்கிறார். அதற்கப்புறம் அந்தத் தலைவர் எங்கள் குழுவைத் தவிர வேறு யாரையும் ஊருக்குள் விடவில்லை. வருஷா வருஷம் தானும் ஒரு பாட்டுப் பாடியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அது ஒரு தலைவலி.

சர்ச்சிலும் இதே கதைதான். சபையில் பாட்டை இழுப்பார்கள். ஜனம் இழுக்க இழுக்க இவரும் இழுப்பார். மதுரையிலிருந்து பாடகர் குழுவைப் பழக்க வந்த ஒருவர் கோபித்துக்கொண்டார். "நீங்கதான் சார் அவங்கள இழுத்துக்கிட்டுப் போகணும். நீங்க போய் அவங்க பின்னால நடந்தா எப்படி?" என்றார்.

"அவுகதேன பாடுறாக," என்றார் அண்ணன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று மதினிதான் சொன்னார். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் கிளப்பில் அண்ணனுடைய அப்பா சமையல்காரர். கிளப்பில் பியானோ இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி, வயதானவள், விரல் மடங்காத வாதம். வாசிக்க முடியாது, ஆனால் பாட்டு ஆசை போகவில்லை. சின்னப் பையனாக இருந்த இவருக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். எதற்கு? அவள் பாடுவதற்கு இவர் வாசிக்க. அவள் நினைத்த இடத்தில் தொடங்குவாள், மூச்சு வாங்கினால் நிறுத்துவாள், மறுபடி வேறு எங்கிருந்தாவது பிடிப்பாள். இவர் அதைத் தேடிப் பிடித்து உடன் போக வேண்டும். விரல்கள் முதன்முதலில் பழகியதே அப்படி. தனக்கென்று ஒரு பாட்டு வாசிக்கலாம் என்பது யாரும் அவருக்குச் சொல்லாத விஷயம்.

மேடையில் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதனால் எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. முதுகைத்தான் பார்ப்பார். மூச்சு எடுக்கும்போது தோள்பட்டை ஏறும், அதை வைத்தே அடுத்த வரி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்வார். கோம்பையில் ஒரு கச்சேரி முடிந்து இறங்கும்போது எப்படிண்ணே இருந்துச்சு என்று கேட்டதற்கு, "மூச்சு மேலேயே நிக்குது தங்கச்சி. எதுக்கும் டாக்டரம்மாவ ஒருக்கா பாத்துரு" என்றார். இவருக்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டே போய்ப் பார்த்தால், நான் உண்டாகியிருக்கிறேன்! என் வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன்னால் கீபோர்டு அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. என் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷனோடுதான் நான் பேச்சை நிறுத்தினேன்.

எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. வயது நாற்பதைத் தாண்டியும் பெரிய பாட்டுகளை ஒரிஜினல் சுருதியிலேயே பாடுகிறேன், ஒரு இழை இறக்கவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். சின்னமனூரில் சொந்தக்காரர் கல்யாணம். வேறு குழு வந்திருந்தது. அதில் பாடுகிற பெண்பிள்ளை என் காதுபடவே, "அக்கா அந்தக் காலத்துல நல்லாப் பாடுவாகளாம்" என்றாள். விடுவேனா நான்? "அந்தக் காலம் என்னடி அந்தக் காலம்? ஒரிஜினல் டிராக்கப் போடச் சொல்லு" என்று மேடையேறிவிட்டேன்.

செல்போனிலிருந்து, குரல் இல்லாத வெறும் வாத்திய டிராக்கைப் போட்டார்கள். பல்லவி எப்படியோ தப்பியது. சரணத்தில் மேலே ஏறுகிற இடம் வந்ததும் தொண்டை கம்மி, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது நானா என்று எனக்கே சந்தேகம். டிராக் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரனைக் கடைக்கு வரச்சொல்லி, "ஏலே, உண்மையச் சொல்லு" என்று பிடித்தேன். அவன் முதலில் நெளிந்தான். அப்புறம் கொட்டிவிட்டான்.

"ஒங்களுக்கு நாங்க எறக்கி ரொம்ப நாளாச்சுக்கா. மொதல்ல அரைக் கட்ட. அப்புறம் இன்னொரு அரை. நீங்க பாட்டுப் பேரச் சொன்னதும் அண்ணே எடது கையப் பின்னால விட்டு வெரலக் காட்டுவாரு. ஒரு வெரல்னா அரைக் கட்ட கீழ, ரெண்டு வெரல்னா ஒரு கட்ட. சளி புடிச்சிருந்தா மூணு வெரல். நீங்க முன்னால நிக்கிறீக, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீபோர்டில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் மொத்தப் பாட்டும் அரைக் கட்டை இறங்கிவிடும். எல்லோரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு என்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருக்கிறார்கள்! அன்றைக்கே பஸ்ஸேறிக் கம்பத்துக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைய முட்டாளாக்கிட்டீகளேண்ணே."

"இல்ல தங்கச்சி. நீ எங்கன இருக்கியோ அங்கன வந்தேன். அம்புட்டுத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? ஊரு முன்னால அசிங்கப்பட்டு வந்திருக்கேன்."

"சொன்னா நீ பயந்துருவ. பயந்தா இன்னும் எறங்கும்."

"எறங்கட்டும்! எந்தொண்ட, நான் பாத்துக்கிறேன். என் நெலம எனக்கே தெரியாம நீங்க எதுக்குண்ணே தாங்கிப் புடிக்கிறீக?"

அவர் குனிந்து செருப்பு வாரை மறுபடி கையில் எடுத்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் பின்னால் வர அவருக்குத் தெரியவில்லை. மதினி காப்பி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்காமல் திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் கச்சேரிகளில் பாட்டுப் பேரைச் சொல்வதோடு சரி, அவரோடு பேச்சே இல்லை. அவரும் வந்து பேச மாட்டார். நான்தான் தொடங்க வேண்டும் என்று காத்திருப்பார். எனக்கா வீம்பு.

அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மதினி என் கடைக்கு வந்தார். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்ததாகச் சொன்னார். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்கக் கம்பத்திலிருந்து யாராவது உத்தமபாளையம் வருவார்களா? ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரவைத்தேன்.

"குமுளி ஓட்டல்ல பாடுற கொச்சிக்காரப் புள்ள கல்யாணமாகித் துபாய் போயிருச்சு," என்றார். "புது மேனேஜரு, வேற பாட்டுக்காரி வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. சாரு தனியா வாசிக்கட்டும், இல்லாட்டி ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கிறோம், பியானோவ வித்துருவோம்கிறாரு. இவுக மூணு நாளாப் போறாக, ஒக்காருறாக, வயித்து வலின்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துர்றாக. இன்னிக்கும் வாசிக்கலைன்னா அம்புட்டுத்தேன். அந்தப் பியானோ இல்லைன்னா இவுக இருக்க மாட்டாக, சொல்லிட்டேன்."

"வீட்ல நீங்க பாடிப் பழக்க வேண்டியதுதேன மதினி?"

"நானா? எனக்குத் தோச திருப்பத்தேன் தெரியும். அதுக்கும் கரண்டிச் சத்தத்துக்குத் தக்கன மேசையில தாளம் போடுறாக." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நீ ஒருக்கா போ. ஒன்னையத்தேன் அவுக தங்கச்சின்னு சொல்றது."

எனக்கு வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. கடையைச் சாத்திவிட்டு, இருக்கிறதிலேயே நல்ல பட்டைக் கட்டிக்கொண்டு கம்பம் பஸ் ஸ்டாண்டில் போய் அவருக்கு முன்னால் நின்றேன். பார்த்தார். "வாங்கண்ணே, பஸ் வந்துருச்சு" என்றேன். "வாரேன் தங்கச்சி" என்றார். அவ்வளவுதான், சண்டை தீர்ந்துவிட்டது.

லோயர் கேம்ப் தாண்டி, மின் நிலையத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஜன்னல் வழியே குளிர் வந்தது. அவர் முழங்காலில் விரல்களை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

"நான் பாடுறேண்ணே. நீங்க எப்பவும் போல வாசிங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"இன்னிக்கிப் பாடுவ. நாளைக்கி?"

எனக்குக் கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், தினமும் மலையேற முடியுமா?

ஹோட்டல் கூடத்தில் நாலைந்து மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முள்கரண்டிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பட்டுப்புடவையோடு நான் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி பியானோவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மேனேஜர் தூண் ஓரமாக நின்று, "தொடங்கிக்கோ சாரே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் போகாமல் அங்கேயே நின்றார்.

அண்ணன் கட்டைகளின் மேல் கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். மார்க்கையன்கோட்டையில் நான் பார்க்காமல் விட்டதை அன்றைக்குப் பார்த்தேன். காதோரமாக வேர்வை இறங்கியது. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தால் எந்தக் கல்லும் பாடிவிடும்.

பாடினேன். சத்தமில்லாமல், வார்த்தையில்லாமல், தாலாட்டு மாதிரி ஒரு மெட்டை முனகினேன். அது என்ன மெட்டு என்று எனக்கே தெரியாது, வாயில் வந்தது. பிடித்துக்கொண்டார். நான் எங்கே போனாலும் அடியில் அவர் இருந்தார். என் தொண்டை இருந்த இடம் அவருக்குத் தெரிந்திருந்தது, என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. இனி எப்போதும் இப்படியே பாடிக்கொண்டிருக்கலாம் போல எனக்கு ஆசையாக இருந்தது. மேனேஜர் தலையாட்டினார். மேசைகளில் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் நாளைக்கு என்ற நினைப்பு வந்தது. நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஒரு சுற்று நிரப்பிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும்போது எப்போதும் செய்வதுதான். நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு சுற்று நிரப்பினார். என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். எத்தனையோ மேடையில் என்னைத் தாங்கிப் பிடித்தவரை அப்படி நடுவழியில் இறக்கி விடுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். அவர் ஒரே ஒரு ஸ்வரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது தேய்ந்து தேய்ந்து போய்க்கொண்டிருந்தது. மேனேஜர் தூணை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

அது முழுக்கத் தேய்வதற்குள் இடது கை மெல்ல நகர்ந்தது. பிறகு வலது கை. நான் முனகிய மெட்டுத்தான், ஆனால் நான் போகாத பக்கம் திரும்பியது. இன்னொரு இடத்தில் திரும்பியது. எங்கே போகிறது என்று நான் யோசிப்பதற்குள் வேறு எங்கோ இருந்தது. தப்பு வாசிக்கிறாரோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். இல்லை. மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊரையே மறந்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். இத்தனையும் இத்தனை வருஷமாக அந்த விரல்களுக்குள்ளே இருந்தது!

சும்மா இருக்க முடியவில்லை. பாடுகிற வாய் இல்லையா, சந்தோஷத்தில் என்னையும் அறியாமல் நானும் சேர்ந்து முனகிவிட்டேன். அவர் இருந்த இடம் வேறு, நான் பிடித்த இடம் வேறு. அரைக் கட்டை கீழே இருந்தேன். அவர் இப்போது என்னிடம் வந்துவிடுவார் என்று இருந்தேன்.

வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"செத்த இரு தங்கச்சி," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன்.